அரசரை நீக்கும் உரிமை: ஸ்காட்லாந்தின் தேசிய உணர்வுக்கு அடியில் கிடக்கும் அரசியல் சிந்தனை

எடின்பரோ நகரின் தெற்குப் பகுதியில் உள்ள இன்ச் என்னும் குடியிருப்பில் 1952ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவப்பட்ட தபால் பெட்டி ஒன்று, 1953 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. புதிதாக அரியணை ஏறியிருந்த அரசியின் இலச்சினை அந்தப் பெட்டியில் பொறிக்கப்பட்டிருந்ததும், அந்த இலச்சினை அவரை 'இரண்டாம் எலிசபெத்' என்று குறித்ததும்தான் அதற்குக் காரணம். 1558 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எலிசபெத் ஸ்காட்லாந்தை ஒருநாளும் ஆண்டதில்லை. எனவே ஸ்காட்லாந்துக்கு இவரே முதல் எலிசபெத். இன்றும் ஸ்காட்லாந்தில் அந்த ஆட்சிக்காலத்துத் தபால் பெட்டிகளில் எலிசபெத்தின் எண்ணைக் காண முடியாது. அதற்குப் பதிலாக ஸ்காட்லாந்தின் மணிமுடிச் சின்னம் மட்டுமே இருக்கும்.

இதே பிரச்சினை 1953இல் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்தின் உயர்நிலைச் சிவில் நீதிமன்றத்துக்கும் சென்றது. அப்போது கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ரெக்டராக இருந்த ஜான் மெக்கார்மிக்கும், சட்ட மாணவரான இயன் ஹாமில்டனும் இந்த எண்ணை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு தள்ளுபடியானது. ஆனால் தீர்ப்பு வழங்கிய தலைமை நீதிபதி கூப்பர் பிரபு, வழக்கின் முடிவுக்கு அவசியமில்லாத ஒரு கருத்தையும் சேர்த்துச் சொன்னார்: நாடாளுமன்றத்தின் இறையாண்மைக்கு எல்லையே இல்லை என்ற கோட்பாடு இங்கிலாந்துக்கே உரியது, ஸ்காட்லாந்தின் அரசமைப்புச் சட்டத்தில் அதற்கு இணையானது எதுவும் இல்லை. 1707இல் இரண்டு நாடாளுமன்றங்களும் கலைக்கப்பட்டுப் புதிதாக ஒன்று உருவானபோது, அது ஆங்கிலேய நாடாளுமன்றத்தின் இயல்புகள் அனைத்தையும் பெற்றுக்கொண்டு ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் இயல்பு ஒன்றைக்கூடப் பெறாமல் போனதாக ஏன் கருத வேண்டும் என்றும் அவர் கேட்டார்.

வழக்கில் தோற்றவர்களுக்கு இந்த இரண்டு வாக்கியங்களே பெரிய வெற்றியாக அமைந்தன. மொழியை வைத்தே ஒரு தேசிய இனத்தை அளந்து பழகிய நமக்கு ஸ்காட்லாந்து சற்றுப் புதிராகத் தோன்றும். கேலிக் மொழி பேசத் தெரிந்தவர்கள் இன்று அங்கே மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்தான்; தாழ்நிலப் பகுதிகளின் ஸ்காட்ஸ் மொழியோ ஆங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவுடையது. மதமும் இன்று அங்கே பொதுவான அடையாளமாக இல்லை. ஆனாலும் தாங்கள் தனித்ததொரு தேசம் என்ற உணர்வு அங்கே உறுதியாக இருக்கிறது. அந்த உணர்வைத் தாங்கும் தூண்களுள் ஒன்று, ஆட்சியாளர் யாராலே ஆட்சியாளர் ஆகிறார் என்ற கேள்விக்கு ஸ்காட்லாந்து தனக்கென்று ஒரு பதிலை வைத்திருக்கிறது என்ற நம்பிக்கையாகும். அரசர் மக்களின் இசைவால் அரசராகிறார். கடமை தவறினால் அவரை நீக்கலாம் என்பதே அந்தப் பதில். இந்த நம்பிக்கை எப்படி உருவானது என்று பார்த்தால், அது எழுநூறு ஆண்டுகளாக அறுபடாமல் வந்த மரபு அன்று என்பது விளங்கும். பெரும்பாலும், நடந்து முடிந்துவிட்ட ஓர் ஆட்சிக்கவிழ்ப்பை நியாயப்படுத்த வேண்டிய நெருக்கடியில்தான் அது எழுத்தில் வந்தது.

முதல் நெருக்கடி 1286இல் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் அரசர் மூன்றாம் அலெக்சாந்தர் இரவில் பயணம் செய்தபோது கிங்ஹார்ன் அருகே குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அவருடைய ஒரே வாரிசான பேத்தி மார்கரெட் 1290இல் நார்வேயிலிருந்து வரும் வழியில் மாண்டாள். உரிமை கோரியவர்கள் பலர் இருந்ததால் இங்கிலாந்தின் அரசர் முதலாம் எட்வர்ட் நடுவராக அழைக்கப்பட்டார். 1292இல் ஜான் பேலியல் முடி சூடினார். 1296இல் எட்வர்ட் அவரைப் பதவியிறக்கி, ஸ்காட்லாந்து அரசர்கள் அமர்ந்து முடிசூடும் ஸ்கோன் கல்லையும் வெஸ்ட்மின்ஸ்டருக்கு எடுத்துச் சென்றார். அதற்குப் பத்தாண்டு கழித்து, ராபர்ட் புரூஸ் தம் போட்டியாளரான ஜான் கோமினை டம்ஃப்ரீஸ் நகரத் தேவாலயத்துக்குள் குத்திக் கொன்றுவிட்டு, ஏறத்தாழ ஆறு வாரங்களில் ஸ்கோனில் முடி சூடிக்கொண்டார். அப்போது பேலியல் பிரான்சில் உயிரோடு இருந்தார். அவருக்கு மகனும் இருந்தான். வாரிசு முறையை மட்டும் வைத்துப் பார்த்தால் புரூஸின் உரிமை பலவீனமானது. 1314இல் பேனக்பர்னில் ஆங்கிலேயரை எதிர்த்துப் பெற்ற வெற்றி அவரை ஆட்சியில் நிலைநிறுத்தியது. ஆனால் போப்பாண்டவரின் கண்ணில் அவர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்ட கொலையாளியாகவே இருந்தார்.

1320 ஏப்ரல் 6 என்று நாளிடப்பட்டு, ஸ்காட்லாந்தின் பிரபுக்களும் 'அரசின் சமூகம் முழுவதும்' சேர்ந்து போப் இருபத்திரண்டாம் ஜானுக்கு அனுப்பிய லத்தீன் கடிதமே இன்று ஆர்புரோத் பிரகடனம் எனப்படுகிறது. கடிதம் தொன்மக்கதையுடன் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தியர் சித்தியா நாட்டிலிருந்து புறப்பட்டு ஸ்பெயின் வழியாக வந்தவர்கள் என்றும், அந்நியர் கலவாத 113 அரசர்கள் அவர்களை ஆண்டார்கள் என்றும் அது சொல்கிறது. பிறகு புரூஸின் உரிமைக்கு வருகிறது: கடவுளின் திருவுளம், நாட்டின் சட்டவழக்கப்படியான வாரிசுரிமை, தங்கள் அனைவரின் இசைவு ஆகிய மூன்றும் சேர்ந்து அவரை அரசராக்கின. அதற்கு அடுத்த வாக்கியத்தில்தான் இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் நிபந்தனை வருகிறது. புரூஸே தொடங்கிய பணியைக் கைவிட்டுத் தங்களை ஆங்கிலேயருக்கு அடிமைப்படுத்த முனைந்தால், அவரைப் பகைவராகக் கருதி விரட்டிவிட்டுத் தங்களைக் காக்கவல்ல வேறொருவரை அரசராக்குவோம் என்றும், நூறு பேர் உயிரோடு இருக்கும்வரை ஆங்கிலேய ஆட்சிக்குப் பணியமாட்டோம் என்றும் அவர்கள் எழுதினார்கள்.

இதை மக்களாட்சியின் முதல் முழக்கமாகப் படிப்பவர்கள் பலர். ஆனால் கடிதத்தின் உடனடி நோக்கம் வேறு. பேலியலை ஒதுக்கிவிட்டுப் புரூஸ் அரசரானதற்கு இசைவு என்ற காரணம் தேவைப்பட்டது. கூடவே, புரூஸ் ஒருவரை வழிக்குக் கொண்டுவந்துவிட்டால் ஸ்காட்லாந்து பணிந்துவிடும் என்று போப்பாண்டவர் எண்ண வேண்டாம் என்று சொல்லவும் அந்த நிபந்தனை உதவியது. இசைவு தந்ததாகச் சொல்லப்படும் சமூகமும் முத்திரை வைத்திருந்த பிரபுக்களின் சமூகம்தான். அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இருக்கவில்லை. கடிதத்தில் பெயர் உள்ள வில்லியம் சூலிஸும் ராஜர் மோப்ரேயும் சில மாதங்களுக்குள் புரூஸைக் கவிழ்க்கச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். ஸ்கோனில் கூடிய, 'கறுப்பு நாடாளுமன்றம்' என்று பின்னர் பெயர் பெற்ற அவையில், ஏற்கெனவே இறந்துவிட்டிருந்த மோப்ரேயின் சடலத்தைக் கொண்டுவந்து நிறுத்தி விசாரித்தார்கள்.

இதனால் அந்தக் கடிதம் பொய்யாகிவிடாது. கத்தியால் வென்ற ஓர் அரசர் தம் ஆட்சியை நியாயப்படுத்த வேண்டிவந்தபோது, 'அனைவரின் இசைவு' என்ற சொற்கள் கேட்பவரிடம் செல்லுபடியாகும் என்று எழுதியவர்கள் நம்பியிருக்கிறார்கள். அப்படி நம்புவதற்கு இடமிருந்த அரசியல் சூழல் ஒன்று அங்கே இருந்தது. ஒரு முறை எழுதப்பட்டுவிட்ட சொற்களை, எழுதியவர்கள் நினைத்திராத ஆட்களும் பின்னாளில் எடுத்தாள முடியும்.

இரண்டாம் நெருக்கடி 1567இல் வந்தது. சீர்திருத்தத் (புராட்டஸ்டன்ட்) திருச்சபையைச் சார்ந்த பிரபுக்கள் அரசி மேரியைச் சிறைவைத்து முடிதுறக்கச் செய்து, ஒரு வயதே நிரம்பிய அவருடைய மகன் ஆறாம் ஜேம்ஸை அரசராக்கினார்கள். ஐரோப்பிய அரசவைகள் அதிர்ந்தன. அந்தச் செயலுக்கு அரசியல் தத்துவம் எழுதித்தந்தவர் ஜார்ஜ் புக்கானன். கேலிக் பேசும் பகுதியில் பிறந்தவர். ஐரோப்பாவின் தலைசிறந்த லத்தீன் கவிஞர்களுள் ஒருவர். போர்ச்சுகலில் மத விசாரணை மன்றத்தின் சிறையை அனுபவித்தவர். உரையாடல் வடிவில் அவர் எழுதிய நூல் 1579இல் அச்சானது. சட்டம் மக்களிடமிருந்து வருகிறது, அரசர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், கொடுங்கோலனாக மாறினால் அவரைத் தண்டிக்கலாம், கொல்லவும் செய்யலாம் என்று அவர் ஒளிவுமறைவின்றி வாதிட்டார். 1584இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அந்த நூலைக் கண்டித்துச் சட்டம் இயற்றியது; 1683இல் ஆக்ஸ்ஃபோர்டில் அது எரிக்கப்பட்டது.

புக்கானனின் வாதம் தர்க்கத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. தம் முன்னோர் கொடிய அரசர்கள் பலரைப் பதவியிறக்கியும் சிறையிட்டும் கொன்றும் இருக்கிறார்கள் என்று வரலாற்றிலிருந்து சான்று காட்டினார். அந்தச் சான்றுகளில் பெரும்பகுதி, கி.மு. 330இல் ஆட்சியைத் தொடங்கியதாகச் சொல்லப்பட்ட முதலாம் ஃபெர்கஸும் அவர் வழிவந்த நாற்பது அரசர்களும் பற்றியது. இந்த ஃபெர்கஸ் குலத்தவர் தேர்ந்தெடுத்ததால் அரசரானவர் என்றார் புக்கானன். அவரிடமே பாடம் படித்து வளர்ந்த ஆறாம் ஜேம்ஸ், 1598இல் அரசரின் தெய்வீக உரிமையை நிலைநாட்ட எழுதிய நூலில் அதே ஃபெர்கஸை எடுத்துக்கொண்டு நேர்மாறான முடிவுக்கு வந்தார்: ஃபெர்கஸ் அயர்லாந்திலிருந்து வந்து நாட்டைக் கைப்பற்றினார், நாடாளுமன்றமும் சட்டமும் இருப்பதற்கு முன்பே அரசர் இருந்தார், எனவே சட்டத்தை ஆக்கியவர் அரசரே.

ஆசிரியரும் மாணவரும் சண்டையிட்டது இல்லாத ஒரு மனிதரை வைத்து. எடின்பரோவின் ஹோலிரூட் அரண்மனையில் நீண்ட மண்டபம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் சார்லஸின் ஆணைப்படி யாக்கப் டி வெட் என்ற டச்சு ஓவியர் 1684 தொடங்கி இரண்டே ஆண்டுகளில், ஃபெர்கஸ் முதலான ஸ்காட்லாந்து அரசர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரின் உருவங்களை அங்கே வரைந்து கொடுத்தார். பெரும்பாலான ஓவியங்கள் இன்றும் அந்தச் சுவர்களில் இருக்கின்றன. ஒரே தொழிற்கூடத்தில் செய்தவை போல ஒத்த மூக்கும் ஒத்த பார்வையுமாக இருக்கும் அந்த முகங்களில் பலவற்றுக்கு உரியவர்கள் பிறக்கவே இல்லை. 1729இல் பாரிசில் வாழ்ந்த தாமஸ் இன்னஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், ஆவணங்களை நுணுகி ஆராய்ந்து, அந்த நாற்பது அரசர்களும் கற்பனை என்று காட்டினார். அவர் அரச விசுவாசி. நாடு கடந்து வாழ்ந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்தின் ஆதரவாளர். புக்கானனின் காலடியிலிருந்து வரலாற்றை உருவிவிட வேண்டும் என்பதும் அவர் நோக்கங்களில் ஒன்று. நோக்கம் எதுவாக இருந்தாலும் அவருடைய ஆய்வு சரியானது. ஸ்காட்லாந்தின் வரலாற்றியல் அவருக்கு மிகவும் கடன்பட்டிருக்கிறது.

இதற்கிடையில் 'மக்கள்' என்ற வட்டம் விரிந்துகொண்டிருந்தது. அதை விரித்தது திருச்சபை. 1560இன் சீர்திருத்தம், அரசரைத் தலைவராக ஏற்காத ஒரு சபையமைப்பை உருவாக்கியது. 1596இல் ஃபாக்லண்ட் அரண்மனையில், அந்தத் திருச்சபையின் தலைவர்களுள் ஒருவரான ஆண்ட்ரூ மெல்வில் ஆறாம் ஜேம்ஸின் சட்டைக் கையைப் பற்றி, ஸ்காட்லாந்தில் இரண்டு அரசர்களும் இரண்டு அரசுகளும் உண்டு என்றும், கிறிஸ்துவின் அரசில் ஜேம்ஸ் தலைவரல்லர், ஓர் உறுப்பினர் மட்டுமே என்றும் முகத்துக்கு நேரே சொன்னார். முதலாம் சார்லஸ் புதிய வழிபாட்டு நூலைத் திணித்தபோது, 1638 பிப்ரவரி 28 அன்று எடின்பரோவின் கிரேஃப்ரையர்ஸ் தேவாலயத்தில் தேசிய உடன்படிக்கை கையெழுத்தாகத் தொடங்கியது. அதன் படிகள் ஊர் ஊராகச் சென்றன. பிரபுக்கள் மட்டுமன்றிக் கைவினைஞர்களும் உழவர்களும் கையெழுத்திட்டார்கள். எளியவர்கள் தம் பெயரால் ஓர் அரசியல் ஆவணத்தில் இணைந்த நிகழ்வு என்ற முறையில் இதன் பெருமை குறையாது. ஆனால் அது கடவுளோடு செய்த உடன்படிக்கை. வேறு விதமாக வழிபட நினைத்தவர்களுக்கு அதில் இடமில்லை, கையெழுத்திட மறுத்தவர்கள் துன்புறுத்தப்பட்டார்கள். இந்த இரண்டாம் பாதியைச் சொல்லாமல் உடன்படிக்கையாளர்களைச் சுதந்திர வீரர்களாக மட்டும் காட்டுவது நேர்மையாகாது.

1688இல் ஏழாம் ஜேம்ஸ் (இங்கிலாந்துக்கு இரண்டாம் ஜேம்ஸ்) பிரான்சுக்குத் தப்பியோடியபோது இரண்டு நாடுகளும் ஒரே நிகழ்வுக்கு இரண்டு விளக்கங்கள் தந்தன. அரசர் தாமாகவே ஆட்சியைத் துறந்துவிட்டார், அரியணை காலியாக இருக்கிறது என்றது இங்கிலாந்தின் அவை. ஸ்காட்லாந்தின் அவையோ 1689இல் நிறைவேற்றிய உரிமைக் கோரிக்கையில், சட்டத்தை மீறி நாட்டின் அரசமைப்பைக் குலைத்ததால் அவர் மணிமுடிக்கான உரிமையை இழந்தார் என்றது. முதலாவது, அரசரை யாரும் நீக்கவில்லை என்று காட்டிக்கொள்ளும் வழி. இரண்டாவது, நீக்கினோம் என்று ஒப்புக்கொள்வது. புக்கானனின் நூல் தடைப்பட்டிருந்தாலும் அவருடைய கருத்து சட்டத்துக்குள் வந்துவிட்டது.

பதினெட்டு ஆண்டுகளில் அந்த நாடாளுமன்றமே இல்லாமல் போனது. பனாமா நிலச்சந்தியில் 1698 முதல் 1700 வரை முயன்ற டேரியன் குடியேற்றம் தோற்று நாட்டின் செல்வத்தில் பெரும்பங்கு கரைந்துவிட்டிருந்தது. வணிகத் தடை விதிப்போம் என்ற இங்கிலாந்தின் மிரட்டல், பிரபுக்களுக்குப் போன பணம், டேரியன் பங்குதாரர்களுக்கும் சேர்த்து இழப்பீடாகத் தரப்பட்ட சுமார் 3,98,000 பவுண்டு, குடியேற்ற நாடுகளின் சந்தை குறித்த நம்பிக்கை ஆகிய எல்லாமும் சேர்ந்து 1707 மே 1 அன்று இங்கிலாந்துடனான ஒன்றியத்தைக் கொண்டுவந்தன. ஆனால் இணைப்பு ஒப்பந்தம் ஸ்காட்லாந்தின் சட்டமுறை, நீதிமன்றங்கள், சீர்திருத்தத் திருச்சபை ஆகியவற்றைத் தனியே விட்டுவைத்தது, பல்கலைக்கழகங்களும் தொடர்ந்தன. பின்வந்த இரண்டு நூற்றாண்டுகளில் ஒரு சாதாரண ஸ்காட்லாந்தியர் அன்றாடம் சந்தித்தது வெஸ்ட்மின்ஸ்டரை, அதாவது லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தை, அன்று. தம் ஊர்ப் பாதிரியார், பள்ளி ஆசிரியர், வழக்கறிஞர் ஆகியோரைத்தான். நாடாளுமன்றம் இல்லாமலே தேசிய உணர்வு உயிர்த்திருந்ததற்கு, ஆர்புரோத் கடிதத்தைவிட இதுவே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டின் அறிவொளிச் சிந்தனையாளர்கள் பழைய மரபை நம்பவில்லை. டேவிட் ஹியூம் 1748இல் எழுதிய கட்டுரையில், உலகில் உள்ள ஏறத்தாழ எல்லா அரசுகளும் ஆக்கிரமிப்பிலோ வெற்றியிலோ தொடங்கியவை, மக்களின் இசைவில் தொடங்கியவை அல்ல என்று சொன்னார். 1306க்கும் 1567க்கும் அது கச்சிதமாகப் பொருந்தும். ஸ்காட்லாந்தின் பழைய அரசியல், பிரபுக்களின் வன்முறை நிறைந்தது, உண்மையான குடியுரிமை ஒன்றியத்துக்குப் பின்பே வந்தது என்பது வரலாற்றாசிரியர் வில்லியம் ராபர்ட்சன் போன்றோரின் பார்வை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் தேசப்பெருமையும் ஒன்றியப் பற்றும் கைகோத்தே நடந்தன. ஸ்டிர்லிங் அருகே 1869இல் திறக்கப்பட்ட, முதலாம் எட்வர்டை எதிர்த்துப் போரிட்ட வில்லியம் வாலஸின் நினைவுக் கோபுரத்தை எழுப்பியவர்களில் பலர் பிரிட்டிஷ் பேரரசின் விசுவாசிகள். வாலஸ் அன்று போராடியதால்தான் 1707இல் ஸ்காட்லாந்து தோற்ற நாடாக இல்லாமல் சமநாடாக இணைந்தது என்பது அவர்கள் வாதம். ஆனால் ஒன்றியத்தின் வாக்குறுதி மீறப்பட்ட இடமும் உண்டு. இணைந்து ஐந்தே ஆண்டுகளில், 1712இல், சபைக்குப் பாதிரியாரை நியமிக்கும் உரிமையைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிலப்பிரபுக்களுக்கே திருப்பிக் கொடுத்தது. நூறாண்டுக்கு மேல் புகைந்த அந்தச் சண்டை 1842இல் திருச்சபையின் பொதுப்பேரவை வெளியிட்ட இன்னொரு உரிமைக் கோரிக்கையாகவும், 1843இல் சபையின் பிளவாகவும் வெடித்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பாதிரியார்கள் வீடும் ஊதியமும் துறந்து வெளியேறிச் சுதந்திரத் திருச்சபையை அமைத்தார்கள். சென்னையில் 1837இல் பள்ளி தொடங்கியிருந்த ஜான் ஆண்டர்சனும் தம் உடன்பணியாளர்களோடு புதிய சபையின் பக்கம் நின்றார். அவருடைய பள்ளியே பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கருத்து வேறொரு வேலைக்கு வந்தது. 1979 மார்ச் 1 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 51.6 விழுக்காட்டினர் ஸ்காட்லாந்துக்கான தன்னாட்சி மன்றத்துக்கு ஆதரவு தந்தார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 விழுக்காட்டினர் ஆதரிக்க வேண்டும் என்ற நிபந்தனையால் அது செல்லாமல் போனது. 1987 தேர்தலில் ஸ்காட்லாந்தின் 72 தொகுதிகளில் 10இல் மட்டுமே வென்ற கன்சர்வேட்டிவ் கட்சி, லண்டனில் ஆட்சியமைத்து, தலைவரியை இங்கிலாந்துக்கு ஓராண்டு முன்பாகவே ஸ்காட்லாந்தில் விதித்தது. நாடாளுமன்றத்தின் எல்லையற்ற அதிகாரம் என்றால் என்ன என்பதை மக்கள் தங்கள் வரிச்சீட்டில் கண்டார்கள். 1989 மார்ச் 30 அன்று எடின்பரோவில் திருச்சபையின் மண்டபத்தில் கூடிய ஸ்காட்லாந்து அரசமைப்புப் பேரவையில், தங்கள் தேவைக்கு ஏற்ற ஆட்சிமுறையை முடிவுசெய்யும் இறையாண்மை உரிமை ஸ்காட்லாந்து மக்களுக்கு உண்டு என்னும் மூன்றாவது உரிமைக் கோரிக்கையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் ஸ்காட்லாந்து உறுப்பினர்களில் பெரும்பாலானோர் கையெழுத்திட்டார்கள். பின்னாளில் பிரதமரான கார்டன் பிரவுனும் அவர்களில் ஒருவர். கன்சர்வேட்டிவ் கட்சி அந்தப் பேரவையில் பங்கேற்கவில்லை. சுதந்திரம் ஒரு தெரிவாக வைக்கப்படாததால் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியும் விலகி நின்றது. 'நாங்களே அரசு, எங்கள் பதில் இல்லை' என்று லண்டன் ஆட்சியின் குரல் சொன்னால் என்ன செய்வது என்று கேட்ட பாதிரியார் கென்யன் ரைட், 'நாங்கள் ஆம் என்கிறோம். நாங்களே மக்கள்' என்று பதிலும் சொன்னார்.

முந்தைய ஆவணங்களிலிருந்து இது முக்கியமான ஒரு வகையில் வேறுபடுகிறது. 1320இலும் 1579இலும் 1689இலும் காரியம் முடிந்த பிறகு நியாயம் எழுதப்பட்டது. 1989இல் நியாயம் முதலில் எழுதப்பட்டது. காரியம் இனிமேல் வாக்குச்சீட்டால் நடக்க வேண்டியிருந்தது. 1997 செப்டம்பர் 11 அன்று 74.3 விழுக்காட்டினர் ஆதரிக்க, 1999இல் 129 உறுப்பினர்களுடன் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது. ஆனால் அதை உருவாக்கிய 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஸ்காட்லாந்துக்குச் சட்டம் இயற்றும் வெஸ்ட்மின்ஸ்டரின் அதிகாரம் சிறிதும் குறையாது என்று தெளிவாகச் சொல்கிறது. மக்களின் இறையாண்மையை ஏற்று 1989இல் கையெழுத்திட்ட டொனால்ட் டூவர்தான் அமைச்சராக இருந்து இந்தச் சட்டத்தையும் கொண்டுவந்தார்.

இந்த இரட்டை நிலையில்தான் 2014 செப்டம்பர் 18இன் சுதந்திர வாக்கெடுப்பு நடந்தது. யார் வாக்களிக்கலாம் என்ற விதி, அந்தத் தேசிய உணர்வு எத்தகையது என்பதைக் கொள்கை அறிக்கைகளைவிடத் தெளிவாகக் காட்டியது. 16 வயது நிரம்பி ஸ்காட்லாந்தில் வசிக்கும் பிரிட்டிஷ், அயர்லாந்து, ஐரோப்பிய ஒன்றிய, காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள் வாக்களிக்கலாம். போலந்திலிருந்தோ பாகிஸ்தானிலிருந்தோ வந்து அங்கே குடியமர்ந்தவர்களும் வாக்களித்தார்கள். எடின்பரோவில் பிறந்து லண்டனில் வாழ்பவருக்கு வாக்கு இல்லை. பிரபுக்களின் முத்திரையிலிருந்து தொடங்கிய 'மக்கள்' இங்கே பிறப்பையும் மதத்தையும் விட்டு வசிப்பிடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். 84.6 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள், 55.3 விழுக்காட்டினர் ஒன்றியத்தில் நீடிக்க முடிவு செய்தார்கள். ஆயினும் 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்க 62 விழுக்காடு வாக்களித்தும் வெளியேற நேர்ந்தபோது கேள்வி மீண்டும் எழுந்தது.

1989ஆம் ஆண்டு உரிமைக் கோரிக்கையை ஏற்கும் தீர்மானத்தை 2018 ஜூலையில் பிரிட்டிஷ் மக்களவையே வாக்கெடுப்பின்றி நிறைவேற்றியது. 2022 நவம்பர் 23 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமோ, வெஸ்ட்மின்ஸ்டரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு சுதந்திர வாக்கெடுப்புக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம், அதன் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது என்றாலும்கூட, எடின்பரோ நாடாளுமன்றத்துக்கு இல்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டத்தின்படி அந்தத் தீர்ப்பில் குறை காண்பது கடினம். வட அயர்லாந்து பற்றிய 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில், பெரும்பான்மையினர் பிரிட்டனை விட்டு நீங்க விரும்பக்கூடும் என்று தோன்றினால் வாக்கெடுப்பு நடத்துவது அமைச்சரின் கடமை என்று எழுதியிருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு அப்படி ஒரு பிரிவு எந்தச் சட்டத்திலும் இல்லை.